சலுகை முதலாளிக்கு, வேலை யாருக்கு?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிட்வாய் நகர்க் கிளைக் கூட்டம் முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். அப்போது ஒரு தாய் நம்மைத் தேடி வந்தார். விழுப்புரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து முப்பது ஆண்டுகளுக்கு முன் டெல்லிக்கு வந்தவர். கிழக்குக் கிட்வாய் நகர் அடுக்குமாடிகளில் நாலு வீடுகளில் பாத்திரம் துலக்கி, தரை துடைத்துப் பிழைக்கிறார். கையில் நாலாக மடித்த இந்திப் பத்திரிகைத் துண்டு ஒன்று. வேலை பார்க்கும் வீட்டு அம்மாள் கொடுத்ததாம். ஊனமுற்றவர்களை வேலைக்கு வைத்துக்கொள்ளும் முதலாளிக்குச் சர்க்கார் பணம் தருகிறது என்று அதில் போட்டிருக்கிறதாம்.

"அண்ணே, இதுல எம்பையனுக்கு ஏதாச்சும் இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க" என்றார்.

பையனுக்கு வயது 22. பிறவியிலிருந்தே காது கேளாது, பேச்சும் வரவில்லை. காது கேளாதோர் பள்ளியில் படித்துப் பத்தாம் வகுப்புத் தேறியிருக்கிறான். கையெழுத்து அச்சுக் கோத்தாற்போல இருக்கிறது. பக்கத்தில் நம்மவர் ஒருவர் நடத்தும் டிபன் கடையில் மாவு அரைக்கிறான், பாத்திரம் துலக்குகிறான், காலையில் கூட்டம் நெருக்கும்போது தோசைக்கல்லையும் பார்த்துக்கொள்கிறான். அதே வேலை செய்யும் மற்றப் பையன்களுக்கு மாதம் 12,000 ரூபாய். இவனுக்கு 7,000. (மற்றவர்களுக்குக் கொடுப்பதும் சட்டப்படியான கூலி அல்ல. 2025 ஏப்ரலில் டெல்லி அரசு சாதாரணத் தொழிலாளிக்கு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியே மாதம் 18,456 ரூபாய். அது தனித் தலையங்கத்துக்கு உரிய விஷயம்.)

பத்திரிகைத் துண்டைப் படித்தோம். தெரிந்தவர்களிடம் கேட்டோம். கடைசியில் அந்தத் தாய்க்கு நாம் சொல்ல வேண்டியிருந்த பதில், "இதில் நிறைய இருக்கிறது அம்மா, உங்கள் மகனுக்குத்தான் ஒன்றும் இல்லை" என்பதே. ஏன் இல்லை என்று கேட்டார். அடுத்த வீட்டு வேலைக்கு அவர் ஓட வேண்டியிருந்ததால் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறோம். நம் குடும்பங்களில் இதே கேள்வியோடு இருப்பவர்கள் அவர் ஒருவர் மட்டும் அல்லவே.

1977இல் மத்திய அரசாங்கம் தன் கீழ்நிலைப் பதவிகளில், அதாவது அன்றைய 'சி', 'டி' பிரிவுகளில், நூற்றுக்கு 3 இடங்களைக் கண் தெரியாதோர், காது கேளாதோர், கைகால் ஊனமுற்றோர் ஆகியோருக்கு ஒதுக்கிற்று. 1995இல் சட்டமே வந்தது. அது சும்மா வந்துவிடவில்லை. ஜாவேத் அபிதி போன்றவர்கள் சக்கர நாற்காலிகளோடும் ஊன்றுகோல்களோடும் இந்த டெல்லியில் தெருவுக்கு வந்து போராடினார்கள், அதனால் வந்தது. பிறகு 2016இல் புதிய சட்டம் செய்து 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைப்படுத்தினார்கள். 3 சதவீதம் 4 ஆயிற்று. ஏழு வகை ஊனங்கள் 21 ஆயின.

இதெல்லாம் சர்க்கார் உத்தியோகத்துக்கு. தனியார் முதலாளிக்கு ஒதுக்கீடு என்று எதுவும் கிடையாது. அவரிடம் வேலை செய்கிறவர்களில் நூற்றுக்கு 5 பேராவது ஊனமுற்றவர்களாக இருக்கும்படி அரசாங்கம் ஊக்கச் சலுகை தர வேண்டும் என்று 1995 சட்டத்தில் எழுதினார்கள். அதையே 2016 சட்டத்தின் 35ஆம் பிரிவில் திரும்ப எழுதினார்கள். இரண்டு இடத்திலும் ஒரு வால் உண்டு: அரசின் பொருளாதார வசதிக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டு. ரயில்வேக் கோப்புகளோடு இருபது ஆண்டு குடித்தனம் நடத்தியவர்கள் நம்மில் உண்டு. இந்த வாலுக்கு என்ன பொருள் என்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கோப்பு மேலே போகும், திரும்பி வராது.

ஒரு முறை கோப்பு திரும்பி வந்தது. 2007 பிப்ரவரி 28ஆம் தேதி நிதிநிலை அறிக்கையில் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம், நம் தமிழ்நாட்டுக்காரர், ஓர் அறிவிப்புச் செய்தார். தனியார் துறையில் ஊனமுற்றோருக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் வேலை. மாதம் 25,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் ஊனமுற்றவரைப் புதிதாக அமர்த்தினால், முதலாளி கட்ட வேண்டிய பிராவிடண்ட் ஃபண்டு பங்கையும் இ.எஸ்.ஐ. பங்கையும் முதல் மூன்று ஆண்டுகளுக்குச் சர்க்காரே ஏற்கும். பதினோராவது ஐந்தாண்டுத் திட்டத்தில் இதற்கு 1,800 கோடி ரூபாய். 2008 ஏப்ரல் 1 முதல் திட்டம் தொடங்கிற்று.

நல்ல எண்ணம்தான். சிதம்பரத்தின் அரசியலோடு நமக்கு உடன்பாடு இருக்கிறதோ இல்லையோ, தனியார் முதலாளியிடம் ஊனமுற்றவரை வேலைக்கு வை என்று சொல்வதற்கு டெல்லி சர்க்கார் பையில் கைவிட்டது பெரிய விஷயம். ஆனால் ஆண்டுக்கு ஒரு லட்சம் வேலை என்ற இலக்கின் பக்கத்தில்கூட அந்தத் திட்டம் போகவில்லை.

குமாஸ்தாக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். குறைந்தபட்சக் கூலியான 18,456 ரூபாய் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி கட்ட வேண்டிய பி.எஃப். பங்கு 12 சதவீதம். 15,000 ரூபாய்க்கு மட்டும் கட்டினால் போதும் என்பதால் 1,800 ரூபாய். இ.எஸ்.ஐ. பங்கு 3.25 சதவீதம், ஏறக்குறைய 600 ரூபாய். ஆக மொத்தம் மாதம் 2,400 ரூபாய் முதலாளிக்கு மிச்சம். சின்னத் தொகை என்று சொல்ல மாட்டோம். ஆனால் இந்த மிச்சம் யாருக்கு? ஏற்கெனவே பி.எஃப். கட்டுகிறவருக்கு. பி.எஃப். சட்டப்படி கட்டாயமாவது 20 பேர் வேலை செய்யும் இடத்தில். இ.எஸ்.ஐ.க்கு 10 பேர். நம் டிபன் கடையில் முதலாளியின் மைத்துனரைச் சேர்த்தும் 7 பேர்தான். அந்தத் தாய் வேலை செய்யும் நாலு வீடுகளோ சட்டத்தின் கண்ணுக்கு நிறுவனங்களே அல்ல. இஸ்திரி வண்டி, காய்கறித் தள்ளுவண்டி, கார் கழுவும் வேலை, தையல் கடை, பூக்கட்டு என்று டெல்லியில் நம் ஜனங்கள் வயிறு கழுவும் தொழில்களில் எத்தனை பேருக்குப் பி.எஃப். கணக்கு இருக்கிறது? விரல் விட்டு எண்ணுங்கள். பெரிய கம்பெனியின் பேரேட்டுக்குள் கொடுத்த சலுகை, பேரேடே இல்லாத கடையில் வேலை செய்யும் பையனுக்கு எப்படி வந்து சேரும்?

கடைக்காரரையும் போய்ப் பார்த்தோம். கெட்ட மனிதர் அல்ல. பையனை வேலைக்கு வைத்த முதல் ஆள் அவர்தான். வேறு நாலு இடங்களில் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். சர்க்கார் திட்டத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"பி.எஃப். கட்டுறவனுக்குத்தானே சார் பி.எஃப். காசைத் திருப்பித் தருவான்? நான் எங்க கட்டுறேன்? எனக்கு அது பிரச்சினையே இல்ல. பின்னாலேர்ந்து ஒருத்தன் கொதிக்கிற சாம்பார் அண்டாவைத் தூக்கிக்கிட்டு 'வழி, வழி'ன்னு கத்திட்டு வர்றான். எல்லாரும் ஒதுங்குறான். இவன் அசையாம நிக்கிறான். ஒரு நாளைக்கு மேல கொட்டிட்டா யாரு சார் பதில் சொல்றது? அதனால நான் ஒரு ஆளை எப்பவும் இவன் மேல கண்ணு வெச்சிருக்கச் சொல்றேன். அந்தச் செலவை இவன் சம்பளத்துல கழிக்கிறேன்."

கழிப்பது அநியாயம். அதை அவர் முகத்துக்கு நேரே சொன்னோம். ஆனாலும் அவர் சொன்னதில் சிதம்பரத்துக்கும் அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் தெரியாத ஒரு விவரம் இருக்கிறது. முதலாளிக்குச் செலவு எங்கே விழுகிறது என்று யாரும் சமையற்கட்டுக்குள் வந்து பார்க்கவில்லை. மூன்று ஆண்டு பி.எஃப். பங்கை ஏற்கத் தயாராக இருந்த சர்க்காரிடம், முதல் மாதத்தில் வேலை கற்றுக்கொடுக்கும் ஆளுக்குக் கூலி கொடுக்கவோ, கடையில் ஒரு சின்ன மாற்றம் செய்யவோ, ஒரு சாய்தளம் போடவோ பணம் இல்லை. ஊனமுற்றவரை அமர்த்தும்போது செலவு விழுவது முதல் நாள், முதல் வாரம், முதல் மாதம். மூன்றாம் ஆண்டுக்குள் அவர் மற்றவர்களைப் போல வேலை செய்துகொண்டிருப்பார். அப்போதும் சலுகை போய்க்கொண்டிருக்கும்.

அந்தக் கடையில் என்ன செய்தோம் என்பதையும் எழுதிவிடுகிறோம். பையன் நிற்கும் இடத்துக்கு எதிர்ச் சுவரில் ஒரு கண்ணாடி மாட்டினோம். பின்னால் யார் வந்தாலும் தெரியும். சமையற்கட்டு வாசலில் ஒரு விசை, அவன் தலைக்கு நேரே ஒரு சிவப்பு விளக்கு. அண்டாவோடு வருகிறவர் முழங்கையால் விசையைத் தட்டினால் விளக்கு எரியும். கண்ணாடி 450 ரூபாய், விளக்கும் கம்பியும் 200 ரூபாய். ஆள்கூலி கிடையாது, நமது தோழர் ஒருவர் மின்சார வேலை தெரிந்தவர். 650 ரூபாயும் சங்க நிதியிலிருந்து. ரசீது இருக்கிறது, பொருளாளர் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். கண் வைத்திருந்த ஆளுக்கு இப்போது வேறு வேலை. பையன் சம்பளத்தை உடனே 9,500 ஆக்கியிருக்கிறார் கடைக்காரர். மூன்று மாதத்தில் மற்றவர்களுக்குச் சமமாக்குவதாகச் சொல்லியிருக்கிறார். நோட்டில் தேதி போட்டுக் குறித்துக்கொண்டோம்.

பிரிட்டனில் 1994 முதல் நடந்துவரும் ஒரு திட்டம் இந்தக் கண்ணாடிக்கும் விளக்குக்கும்தான் பணம் தருகிறது. வேலைக்கு வேண்டிய கருவி, சைகை மொழி தெரிந்த உதவியாள், பஸ்ஸில் ஏற முடியாதவருக்கு டாக்சிச் செலவு ஆகியவற்றை அது ஏற்கிறது. ஜப்பானில் வேறு விதம். அங்கே தனியார் கம்பெனிக்கும் ஒதுக்கீடு உண்டு. 2024 ஏப்ரல் முதல் 2.5 சதவீதம். நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் கம்பெனி அந்த அளவை எட்டாவிட்டால், குறையும் ஒவ்வோர் ஆளுக்கும் மாதம் 50,000 யென் கட்ட வேண்டும். அந்தப் பணத்திலிருந்து, அளவுக்கு மேல் அமர்த்தியவர்களுக்கு உதவித்தொகை போகிறது. சிங்கப்பூர் 2021இல், மாதம் 4,000 வெள்ளிக்குக் குறைவாகச் சம்பளம் வாங்கும் ஊனமுற்றவரை அமர்த்தியவருக்குச் சம்பளத்தில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 400 வெள்ளி என்று நேரடியாகக் கொடுக்கத் தொடங்கிற்று. அந்த நாடுகளைச் சொர்க்கம் என்று நாம் சொல்லவில்லை. அங்கேயும் வேலை இல்லாத ஊனமுற்றோர் நிறைய. ஆனால் ஜப்பானில் கெஞ்சுவது மட்டும் இல்லை, கட்டணமும் இருக்கிறது. நம் நாட்டில் முதலாளியிடம் சர்க்கார் கெஞ்சுவதோடு சரி.

அப்படிக் கெஞ்சுவதிலும் இப்போது இன்னொரு சிக்கல். 2025 ஆகஸ்டு 1 முதல் மத்திய அரசு புதிய வேலைவாய்ப்புத் திட்டம் ஒன்றை நடத்துகிறது. கூடுதலாக ஆள் எடுக்கும் முதலாளிக்கு ஓர் ஆளுக்கு மாதம் 3,000 ரூபாய் வரை இரண்டு ஆண்டுகளுக்குக் கொடுக்கிறார்கள். 10,000க்கு மேல் 20,000 வரை சம்பளம் என்றால் 2,000 ரூபாய். இதுவும் பி.எஃப். பதிவு உள்ள இடத்துக்குத்தான். எல்லாத் தொழிலாளிக்கும் வேலை வருமென்றால் நமக்குச் சந்தோஷமே. ஆனால் யோசித்துப் பாருங்கள். கையும் காலும் காதும் கண்ணும் சரியாக உள்ளவனை அமர்த்தினாலே சர்க்கார் பணம் வருகிறது என்றால், ஊனமுற்றவனைத் தேடிப் போவதற்கு முதலாளிக்கு என்ன வந்தது? பந்தியில் எல்லோருக்கும் பாயசம் ஊற்றிவிட்டு, கடைசி இலைக்காரனைப் பார்த்து உனக்கும்தானே ஊற்றினோம் என்று சொல்கிற கதைதான். அவன் பந்தியில் உட்காரவே இடம் கிடைக்கவில்லை.

இனிச் சர்க்காரையே கேட்போம். தனியாருக்குச் சலுகை தரும் சர்க்கார் தன் வீட்டில் என்ன செய்கிறது?

நம் கிட்வாய் நகரையே எடுத்துக்கொள்வோம். ரஃபி அகமது கித்வாயின் பெயரில் எழுந்த இந்த அரசு ஊழியர் குடியிருப்பின் கிழக்குப் பகுதியில் பழைய குவார்ட்டர்ஸ்களை இடித்துவிட்டு, 4,600க்கு மேற்பட்ட வீடுகளுடன் வானளாவிய அடுக்குமாடிகள் கட்டியிருக்கிறார்கள். அங்கே லிஃப்ட் இருக்கிறது, காவல் இருக்கிறது, தோட்டம் இருக்கிறது, கூட்டிப் பெருக்குகிற வேலை மலைபோல் இருக்கிறது. இப்படிப்பட்ட வேலைகள்தான் ஒரு காலத்தில் 'டி' பிரிவுச் சிப்பந்திகளின் வேலைகள். லிஃப்ட் இயக்குநர், பியூன், தோட்டக்காரர் ஆகிய இடங்களில் ஒரு கால் சூம்பிய மனிதரையும் காது கேளாத மனிதரையும் பழைய தலைமுறை பார்த்திருக்கிறது. 2008இல் ஆறாவது ஊதியக் குழுவை ஒட்டி 'டி' பிரிவையே எடுத்துவிட்டார்கள். மிச்சமிருந்த பதவிகளுக்கு மெட்ரிக் படிப்பு வேண்டும் என்றார்கள். வேலையை எடுத்துக் கான்ட்ராக்டரிடம் கொடுத்தார்கள். கான்ட்ராக்டரின் ஆள் சர்க்கார் ஆள் அல்ல. எனவே 4 சதவீதம் அவரைக் கட்டுப்படுத்தாது. சட்டம் 3ஐ 4 ஆக்கியது உண்மை. எதில் 4 என்று கேட்டால், நாளுக்கு நாள் சுருங்கும் ஒரு தொகையில் 4. இதில் நம் பையன்களுக்கு எத்தனை வரும்?

ஆகவே நாம் கேட்கும் முதல் கோரிக்கைக்குச் சர்க்காருக்கு ஒரு பைசா புதிய செலவு இல்லை. சர்க்கார் கட்டடம், சர்க்கார் ஆஸ்பத்திரி, ரயில் நிலையம் எங்கே கான்ட்ராக்ட் கொடுத்தாலும், ஆட்களில் நூற்றுக்கு 5 பேர் ஊனமுற்றவர்களாக இருக்க வேண்டும் என்று டெண்டரிலேயே ஒரு வரி எழுதட்டும். ஆள் காட்டாவிட்டால் பில்லில் பிடிக்கட்டும். கட்டடத்தின் சிமெண்டுக்கும் கம்பிக்கும் டெண்டரில் நூறு நிபந்தனை எழுதத் தெரிந்தவர்களுக்கு இது ஒன்று எழுதத் தெரியாதா?

சர்க்காரால் முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். முடிந்த இடம் நமக்குத் தெரியும். ரயில்வேயில் எஞ்சின் ஓட்டும் தொழிலாளிக்குக் கண்பார்வை குறைந்தால், தண்டவாள வேலைக்காரருக்குக் கால் போனால், வீட்டுக்கு அனுப்பிவிடுவதில்லை. மருத்துவச் சோதனை செய்து, சம்பள விகிதம் குறையாமல் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும் என்று விதி இருக்கிறது. ஏற்ற பதவி காலியாக இல்லையென்றால் தனியாக ஒரு பதவியை உண்டாக்கியாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 2003இல் குணால் சிங் என்ற கான்ஸ்டபிள், கால் போனதற்காகத் தன்னை வேலையைவிட்டு அனுப்பியதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றார். விதி இருந்தும் அலையவிடுவது உண்டு, நாமே அதற்காகச் சண்டை பிடித்திருக்கிறோம். ஆனால் சண்டை பிடிக்க ஒரு விதியாவது இருக்கிறது. கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்த நம்மவருக்கு மேஸ்திரி கையில் ரெண்டாயிரம் ரூபாயைத் திணித்து ஊருக்கு டிக்கெட் வாங்கிக் கொடுக்கிறானே, அங்கே என்ன விதி?

இன்னொரு நல்ல உதாரணம் நம் ஊரிலேயே உண்டு. நூறு நாள் வேலைத் திட்டத்தில், 2012இல் தமிழ்நாடு ஓர் ஏற்பாடு செய்தது: ஊனமுற்ற தொழிலாளி மற்றவர்கள் செய்வதில் பாதி வேலை செய்தால் போதும், முழுக் கூலி. மரக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது, வேலை செய்கிறவர்களுக்குக் குடிதண்ணீர் கொடுப்பது போன்ற இலேசான வேலைகள். ஊரில் நம் அத்தையோ பெரியப்பாவோ இப்படிக் கூலி வாங்கி, முதன்முதலாகத் தன் கையால் மருமகளிடம் காசு கொடுத்ததை நம்மில் பலர் கண்ணால் கண்டிருக்கிறோம். அதன் சூட்சுமம் என்ன? பணம் முதலாளியின் பேரேட்டைச் சுற்றிக்கொண்டு வரவில்லை. வேலை செய்தவர் கைக்கே நேராக வந்தது. அதே தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், திருநங்கையர் ஆகியோரை 500 பேருக்கு மேல் அமர்த்தும் புதிய தொழிற்சாலைகளுக்கு அவர்கள் சம்பளத்தில் 10 சதவீதம் இரண்டு ஆண்டுகளுக்குத் தருவதாக அறிவித்தார்கள். 500 பேர்! மறுபடியும் சலுகை பெரிய வாசலைத் தேடிப் போய்விட்டது.

மாற்றுத்திறனாளி என்ற சொல் கலைஞர் கொடுத்தது. 2015 முதல் டெல்லியில் 'திவ்யாங்' என்கிறார்கள், தெய்வீக அங்கம் என்று பொருள். நொண்டி, செவிடு என்று கூப்பிட்ட வாய்கள் நல்ல பெயர் சொல்லக் கற்றது வரைக்கும் நல்லது. டிபன் கடைப் பையனுக்குப் பெயர் மூன்று முறை மாறிவிட்டது. சம்பளம் மாற 650 ரூபாய்க் கண்ணாடியும் விளக்கும் வேண்டியிருந்தது.

நம்மவர்களிடமும் கொஞ்சம் பேச வேண்டும். கோபித்துக்கொள்ளக் கூடாது.

அந்தக் கடைக்காரர் தமிழர். டெல்லியில் நம்மவர்கள் நடத்தும் மெஸ்கள், இட்லிக் கடைகள், மளிகைக் கடைகள் எத்தனையோ. ஊர்க்காரன் என்று உரிமையோடு வேலைக்கு எடுத்து, ஊனமுற்றவன் என்று உரிமையோடு சம்பளத்தைக் குறைக்கும் வழக்கம் அங்கே இருக்கிறது. பையனின் தாயே நம்மிடம், "ஏதோ வெச்சிருக்காரே, அதுவே பெரிசு" என்றார். அந்த நன்றியைத்தான் அவர் மாதாமாதம் 5,000 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டிருந்தார். ஊனத்தைக் காரணம் காட்டி வேலையில் பாகுபாடு செய்வதை 2016 சட்டம் தடுக்கிறது. ஆனால் ஏழு பேர் வேலை செய்யும் கடைக்கு எந்த அதிகாரி வரப்போகிறார்? நாம்தான் போக வேண்டும்.

வீட்டுக்குள்ளும் ஒரு விஷயம். ஊனச் சான்றிதழ் என்றால் நம் குடும்பங்களில் பலருக்கு ரயில் டிக்கெட்தான் நினைவுக்கு வருகிறது. பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் போக, காது கேளாமல் பேச்சும் வராதவருக்குக் கட்டணத்தில் 50 சதவீதம், பார்வை அறவே இல்லாதவருக்கு 75 சதவீதம் குறையும். துணைக்கு வருகிறவருக்கும் அதே சலுகை. டிக்கெட் ஜன்னலுக்கு இந்தப்புறம் உட்கார்ந்திருக்கும் நமக்கு அது தெரியும். அந்தக் காகிதத்தை வருடத்துக்கு ஒரு முறை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்துவிடுகிறோம். வேலைக்கு மனுப் போடவும் கடனுக்குக் கேட்கவும் அதுதான் சாவி என்பது தெரிவதில்லை. பெண்பிள்ளை என்றால் சான்றிதழ் எடுப்பதே இல்லை, கல்யாணம் கெட்டுவிடுமாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டில் 2.68 கோடி ஊனமுற்றோர். அவர்களில் வேலை செய்கிறவர்கள் நூற்றுக்கு 36 பேர். ஆண்களில் 47, பெண்களில் 23. இந்த 23இல் நம் வீட்டுக் கதவுக்கும் பங்கு இருக்கிறது.

புலம்பெயர்ந்து வந்தவர்களுக்கு மட்டுமே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. சான்றிதழ் ஊரில் எடுத்தது, ரேஷன் கார்டு டெல்லியில். சில அலுவலகங்களில், இது தமிழ்நாட்டுச் சான்றிதழ், இங்கே செல்லாது என்று தள்ளிவிடுகிறார்கள். சட்டப்படி வழங்கிய ஊனச் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும் என்று 2016 சட்டம் தெளிவாகச் சொல்கிறது. 2021 ஜூன் 1 முதல் சான்றிதழும் தனி அடையாள அட்டையும் ஒரே இணையப் பதிவின் மூலம்தான். அதைக் காட்டியும் மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள். எழுத்தில் மறுக்க யாருக்கும் கை வராது. இது ஆபீஸ் அனுபவம்.

குடியிருப்பு அதைவிடக் கொடுமை. டெல்லி அரசின் ஊனமுற்றோர் உதவித்தொகைக்கு ஐந்தாண்டு டெல்லிவாசி என்ற சான்று வேண்டும். 2025 ஜூன் 1ஆம் தேதி ஜங்புரா மதராசி கேம்ப்பை இடித்தார்களே, அங்கிருந்த 370 குடும்பங்களில் 189க்குத்தான் நரேலாவில் மாற்று வீட்டுக்குத் தகுதி என்றார்கள். மீதிக் குடும்பங்களின் விலாசம் புல்டோசரோடு போயிற்று. நரேலாவுக்குப் போனவர்களுக்கு விலாசம் இருக்கிறது. வேலை நாற்பது கிலோமீட்டருக்கு இந்தப்பக்கம் நின்றுவிட்டது. கால் நன்றாக உள்ளவரே இரண்டு பஸ் மாறி வந்து வீட்டு வேலை செய்ய முடியாமல் தவிக்கும்போது, ஊன்றுகோலோடு நடக்கிற ஒருவர் என்ன செய்வார்? பக்கத்திலேயே குடியிருந்தது அவருக்குச் சர்க்கார் கொடுக்காத சலுகை. அதையும் எடுத்துக்கொண்டார்கள்.

நாம் எழுதப்போகும் மனுவில் டெண்டர் நிபந்தனையோடு, பி.எஃப். இல்லாத சிறு கடைகளில் வேலை செய்யும் ஊனமுற்ற தொழிலாளிக்குக் கூலி மானியத்தை அவர் வங்கிக் கணக்கிலேயே போட வேண்டும் என்று கேட்கிறோம். கண்ணாடி, விளக்கு, சாய்தளம் போன்றவற்றுக்கு முதல் மாதத்திலேயே ஒரு தொகை. பெரிய கம்பெனிகளுக்கு 5 சதவீதம் கட்டாயம், எட்டாதவர்களிடம் கட்டணம். அந்தக் கட்டணத்திலிருந்தே இந்தச் செலவை நடத்தலாம், பொருளாதார வசதிக்கு உட்பட்டு என்ற வாலுக்கு வேலை இருக்காது. மனு டெல்லியின் மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கும் மத்திய தலைமை ஆணையருக்கும் போகும். பிரதி நம் தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் எல்லோருக்கும்.

மனுவோடு வெறும் வாதம் போனால் அவர்கள் படிக்க மாட்டார்கள். கணக்கு போக வேண்டும். கிட்வாய் நகர், லட்சுமிபாய் நகர், சரோஜினி நகர், ஆர்.கே. புரம், மதன்கீர், திரிலோக்புரி, நரேலா ஆகிய இடங்களில் உள்ள தோழர்கள் தங்கள் பகுதியில் ஊனமுற்ற தமிழர் எத்தனை பேர், என்ன படிப்பு, என்ன வேலை, என்ன சம்பளம், சான்றிதழ் இருக்கிறதா என்று வீடு வீடாகக் கேட்டு எழுதி வர வேண்டும். பெயர் வெளியே போகாது. ஒவ்வொரு ஞாயிறும் காலை 10 மணி முதல் சங்க அறையில் அடையாள அட்டைக்கு மனு நிரப்பிக் கொடுப்போம். ஆதார், புகைப்படம், பழைய சான்றிதழ் இருந்தால் அதன் நகல் கொண்டுவாருங்கள். பழைய சான்றிதழ் இல்லாதவர்களை வாரநாளில் மருத்துவமனைக்கு அழைத்துப் போக இரண்டு தோழர்கள் முன்வந்திருக்கிறார்கள். இருவரும் இரவுப் பணிக்காரர்கள், பகலில் தூக்கத்தை விட்டுத்தான் வருகிறார்கள், நேரத்துக்கு வாருங்கள்.

முதல் மனு அந்த டிபன் கடைப் பையனுடையது. நிரப்ப நாங்கள் பேனாவை எடுத்தபோது கையை நீட்டி வாங்கிக்கொண்டு அவனே எழுதினான். அடுத்த ஞாயிறு முதல் மற்றவர்களுக்கும் அவனே எழுதிக் கொடுப்பதாகச் சைகையில் சொல்லியிருக்கிறான். அன்று காலை பத்து முதல் பன்னிரண்டு வரை கடையில் விடுப்புத் தர முதலாளி ஒப்புக்கொண்டிருக்கிறார், சம்பளம் பிடிக்காமல்.